கணையக் கேன்சர் ஆபரேஷனுக்கு அப்புறம் கீமோவோட சுகர் மாத்திரையும் சேக்கலாமா? நாலு வழியையும் வச்சுப் பாத்தது

போன மாசம் ஒரு சாயங்காலம், கடையில கூட்டம் கொறஞ்ச நேரம், அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒரு அண்ணாச்சி வந்தாவ. கையில மஞ்சப்பை, உள்ள தடிமனா ஆஸ்பத்திரி ஃபைல். "தம்பி, மெட்ஃபார்மின் ஐநூறு மூணு அட்ட குடுங்க"ன்னாவ. சுகர் மாத்திரை அது. சீட்டு எங்க அண்ணாச்சின்னு கேட்டேன். "சீட்டுல்லாம் இல்ல, எனக்கு சுகரும் கெடையாது. கணையத்துல ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் ஆகு, அடுத்த வாரம் கீமோ ஆரம்பிக்காவ, இந்த மாத்திரைய கூட சேத்து சாப்பிட்டா அது திரும்ப வராதாம்லா, மருமவன் வாட்ஸப்புல அனுப்புனான்"ன்னாவ.

பாளையங்கோட்டையில மெடிக்கல்ல பதினெட்டு வருஷமா நிக்கேன், இந்த ஒரு வருஷத்துல மட்டும் இதே கேள்விய நாலஞ்சு பேர் கேட்டுட்டாவ, சில பேர் "இந்த மாத்திரைய சோதிக்கிற ஆய்வுல சேருங்கன்னு டாக்டர் சொல்லுதாரு, சேரவா வேண்டாமா"ன்னு கேக்காவ, சில பேர் ஏற்கனவே சுகருக்கு இதே மாத்திரையத்தான் சாப்பிடுதாவ, கீமோ சமயத்துல நிறுத்தணுமான்னு கேக்காவ. கல்லாவுக்குப் பக்கத்துல நின்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்ல இது. எங்க சித்தப்பாவுக்கும் இதே நோய், இதே ஆபரேஷன், கூடவே இருந்து பாத்தவன் நான். அதனால தெரிஞ்சத எல்லாம் ஒரே இடத்துல எழுதிடுதேன். நான் பார்மசிஸ்ட், டாக்டர் இல்ல, கடைசி வார்த்தை உங்க கேன்சர் டாக்டரோடதுதான், ஆனா அவர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுட்டுப் போனா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

எத வச்சு அளக்கணும்

நாலு வழி உண்டு: கீமோ மட்டும் போடுறது, ஆய்வுல சேர்றது, நம்மளா மாத்திரை வாங்கி சாப்பிடுறது, ஏற்கனவே சுகருக்கு சாப்பிடுறத தொடர்றது. வழிய பாக்குறதுக்கு முன்ன அளவுகோல் என்னன்னு முடிவு பண்ணிக்கணும், இல்லன்னா "மாத்திரை ரெண்டு ரூபாதான, சாப்பிட்டா என்ன கெட்டுப் போகுது"ங்கிற எடத்துலயே நின்னுருவோம்.

முதல் அளவுகோல், என் கணக்குல மத்ததெல்லாத்தையும் விடப் பெருசு: ஆரம்பிச்ச கீமோவ முழுசா முடிக்க இந்த வழி உதவுமா, இடைஞ்சல் பண்ணுமா? ஏன் இத முதல்ல வைக்கேன்னா, கணையத்துல ஆபரேஷன் மட்டும் பண்ணி விட்டுட்டா பெரும்பாலானவங்களுக்கு நோய் திரும்பிருது. ஜெர்மனியில நடந்த கான்கோ 001 ஆய்வுல, ஆபரேஷனுக்கு அப்புறம் ஜெம்சிடபின்ங்கிற கீமோ மருந்த ஆறு மாசம் போட்டவங்கள்ல அஞ்சு வருஷம் தாண்டுனவங்க சுமார் 21 சதவீதம், சும்மா கண்காணிப்புல இருந்தவங்கள்ல சுமார் 10 சதவீதம். 2018ல பிரான்ஸும் கனடாவும் சேந்து நடத்துன பிரோடிஜ் 24 ஆய்வு முடிவு வந்துச்சு, 493 பேர், மாத்தி அமைச்ச ஃபோல்ஃபிரினாக்ஸ் (நாலு மருந்து சேந்த கீமோ) போட்டவங்களோட ஆயுசு நடு அளவுல (பாதிப் பேர் இத தாண்டுனாங்க) 54.4 மாசம், ஜெம்சிடபின் மட்டும் போட்டவங்களுக்கு 35 மாசம். இவ்ளோ பெரிய வித்தியாசம் இந்த நோய்ல அதுக்கு முன்ன யாரும் பாத்தது இல்ல. இன்னொண்ணு, எஸ்பாக் 3 ஆய்வுல இருந்து தெரிஞ்சது: கீமோவ ரெண்டு வாரம் முந்தி ஆரம்பிச்சோமா பிந்தி ஆரம்பிச்சோமாங்கிறத விட ஆறு சுத்தையும் முழுசா முடிச்சோமாங்கிறதுதான் ஆயுசோட சேந்து வந்துச்சு, ஆபரேஷன் முடிஞ்சு பன்னெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சா போதும்னு அதுல தெரிஞ்சுது. அதனால எந்த மாத்திரை, எந்த கசாயம், எந்த ஆய்வுன்னாலும் நான் முதல்ல கேக்குற கேள்வி, "இதனால ஒரு கீமோ தள்ளிப் போகுமா?"

ரெண்டாவது, ஆதாரம். மனுசங்க மேல, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ரெண்டு குழுவா பிரிச்சு பாத்ததா, இல்ல பழைய ஃபைல புரட்டி எழுதுனதா? மூணாவது, உடம்பு எடையும் சுகரும். நாலாவது, கைக்காசும் அலைச்சலும். அஞ்சாவது ஒண்ணு இருக்கு, யாரும் யோசிக்காதது: ஏதாவது கோளாறு வந்தா அத கவனிக்க ஆள் உண்டா?

இந்த மாத்திரைக்கு எப்படி இந்தப் பேர் வந்துச்சு

மெட்ஃபார்மின் நேத்து வந்த மருந்து இல்ல. ஐரோப்பாவுல வளர்ற ஒரு செடியில இருந்த சரக்க ஆராய்ஞ்சு வந்தது, 1957ல பிரான்ஸ்ல சுகருக்குக் குடுக்க ஆரம்பிச்சாங்க, அமெரிக்காவுல 1994லதான் அனுமதி கெடச்சுது. ஈரல்ல இருந்து சர்க்கரை வெளிய வர்றத கொறைக்கும், ரத்தத்துல இன்சுலின் அளவையும் கொறைக்கும். இன்சுலின் கூடுதலா இருந்தா சில கேன்சர் செல்லுக்கு அது வளர்ச்சி ஊக்கி மாதிரின்னு ஒரு கருத்து உண்டு, அதோட செல்லுக்குள்ள சக்தி உண்டாக்குற எடத்தையே இந்த மருந்து கொஞ்சம் மட்டுப்படுத்தும், அதனால ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஆர்வம் வந்துச்சு.

2005ல ஸ்காட்லாந்துல சுகர்காரங்களோட ஃபைல வச்சு பாத்தப்போ மெட்ஃபார்மின் சாப்பிட்டவங்களுக்கு கேன்சர் கொறவுன்னு தெரிஞ்சுது. 2012ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல, கணையக் கேன்சரும் சுகரும் சேந்து இருந்தவங்கள பாத்தாங்க, ஆயுசோட நடு அளவு மெட்ஃபார்மின் சாப்பிட்டவங்களுக்கு 15.2 மாசம், சாப்பிடாதவங்களுக்கு 11.1 மாசம். வாட்ஸப்புல சுத்துறது பெரும்பாலும் இந்த வகை கணக்குதான்.

இதுல ஒரு ஓட்டை இருக்கு, நம்ம ஊர்ப் பாணியில சொல்லுதேன். நெல்லையப்பர் கோயில் ஆனித்தேர அறுபது தடவ வடம் புடிச்சு இழுத்தவங்களையெல்லாம் கூப்புட்டு வயசக் கேளுங்க, எல்லாருமே அறுபது தாண்டுனவங்களா இருப்பாங்க. அப்போ வடம் புடிச்சாத்தான் ஆயுசு கூடுதுன்னு கணக்கு எழுதிற முடியுமா? அறுபது வருஷம் இருந்தாத்தான அறுபது தடவ இழுக்க முடியும். அதே மாதிரி, நோய் கண்டுபிடிச்ச பெறகு மெட்ஃபார்மின் எழுதி வாங்கி சாப்பிட்டவருன்னு கணக்குல வரணும்னா அவரு அது வரைக்கும் உசுரோட இருந்திருக்கணும், மாத்திரை முழுங்குற அளவுக்குத் தெம்பா இருந்திருக்கணும், கிட்னி நல்லா இருந்திருக்கணும். ரொம்ப முடியாதவங்கள முதல்லயே இன்சுலினுக்கு மாத்திருப்பாங்க. அப்போ நல்லா இருந்தது மாத்திரையாலயா, ஏற்கனவே தெம்பா இருந்ததாலயா?

அதனாலதான் நேரா சோதிச்சுப் பாத்தாங்க. நெதர்லாந்துல 121 பேர், முத்திப் போன கணையக் கேன்சர், கீமோவோட பாதிப் பேருக்கு மெட்ஃபார்மின், பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்குற, மருந்தே இல்லாத டம்மி மாத்திரை. 2015ல முடிவு வந்துச்சு, ஆறு மாசம் தாண்டுனவங்க டம்மி குழுவுல சுமார் 64 சதவீதம், மெட்ஃபார்மின் குழுவுல சுமார் 57 சதவீதம். நல்லது ஒண்ணும் தெரியல. இத்தாலியில 60 பேர வச்சு நடந்தத, இனி பிரயோஜனம் இல்லன்னு நடுவுலயே நிறுத்திட்டாங்க. மார்பகக் கேன்சர்ல சுகர் இல்லாத 3,600 பேருக்கு மேல சேத்து, பாதிப் பேருக்கு அஞ்சு வருஷம் குடுத்துப் பாத்த பெரிய ஆய்வு 2022ல வந்துச்சு, அதுலயும் நோய் திரும்புறது கொறையல. நுரையீரல் கேன்சர்ல ஒரு சின்ன ஆய்வுல மெட்ஃபார்மின் சேத்தவங்களுக்கு இன்னும் மோசமாவே போச்சு.

அப்போ ஆபரேஷனுக்கு அப்புறம் எதுக்கு மறுபடி சோதிக்கணும்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. முத்திப் போன கட்டி வேற, கட்டிய வெட்டி எடுத்த பெறகு கண்ணுக்குத் தெரியாம அங்கங்க ஒட்டி இருக்குற செல்லு வேற, கொஞ்சமா இருக்கும்போது மெதுவான மருந்து கூட வேலை செய்யலாம்ங்கிறது ஒரு எண்ணம். எதிர்ப்பக்கமும் சொல்லணும்: லேப்ல கேன்சர் செல்ல கொன்ன மெட்ஃபார்மின் அளவு, மாத்திரை சாப்பிட்டா நம்ம ரத்தத்துல வர்ற அளவ விட நூறு மடங்குக்கும் மேல. இன்னிக்கு வரைக்கும் ஆபரேஷனுக்கு அப்புறம் கீமோவோட மெட்ஃபார்மின் சேத்தா ஆயுசு கூடும்னு நிரூபிச்ச பெரிய ஆய்வு இல்ல. கேள்வி தெறந்தே இருக்கு, அவ்ளோதான்.

வழி 1: கீமோ மட்டும், சுகர் இருந்தா அதுக்குத் தனியா வைத்தியம்

இதுதான் இன்னிக்கு நிரூபணமான வழி. கணையத்தோட தலைப்பக்கம் எடுக்குற விப்பிள் ஆபரேஷனோ, வால்பக்கம் எடுக்குற ஆபரேஷனோ, முடிஞ்சு தெம்பு வந்த பெறகு ஆறு மாசம் கீமோ. உடம்பு தாங்கும்னா ஃபோல்ஃபிரினாக்ஸ், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, பன்னெண்டு தடவ. தாங்காதுன்னா ஜெம்சிடபினோட கேப்சிடபின் மாத்திரை, இல்லன்னா ஜெம்சிடபின் மட்டும்.

ஃபோல்ஃபிரினாக்ஸ் சாதாரணம் இல்ல. ஆஸ்பத்திரியில ஒரு நாள் ஏத்தி, கடைசி மருந்த 46 மணி நேரம் ஓடுற பம்போட வீட்டுக்கு அனுப்புவாங்க. சித்தப்பாவுக்கு நெஞ்சுல தோலுக்கடியில போர்ட்டுன்னு மருந்து ஏத்துற சின்ன சாதனம் வச்சிருந்தாவ, அதுல இருந்து ஒரு டியூப், டியூப் நுனியில கொழந்தைக்குப் பால் குடுக்குற பாட்டில் மாதிரி ஒண்ணு, உள்ள ஒரு பலூன், அது மெதுவா சுருங்க சுருங்க மருந்து எறங்கும். அத சட்டைப் பையில போட்டுக்கிட்டு திண்ணையில உக்காந்திருப்பாவ. கல்லிடைக்குறிச்சியில ஆத்தோரம் வீடு, நாப்பது வருஷமா காலையில தாமிரபரணியில முங்காம காபி குடிச்சது கெடையாது. முதல் கீமோ முடிஞ்ச மறுநாள் பழக்க தோஷத்துல செம்புத் தண்ணியத் தொட்டாவ, விரல் நுனியில கரண்ட் அடிச்ச மாதிரி கைய இழுத்துக்கிட்டாவ. ஃபோல்ஃபிரினாக்ஸ்ல இருக்குற ஆக்சாலிப்ளாட்டின் செய்யுற வேலை அது, குளுமை ஆகாது. அதுக்கப்புறம் ஆறு மாசம் வெந்நிதான், ஆத்தப் பாத்துக்கிட்டே திண்ணையில இருந்தாவ.

சுகர் விஷயத்துக்கு வருவோம். கணையத்த வெட்டுனா இன்சுலின் சுரக்குற எடமும் போகும், அதோட வாந்திக்குக் குடுக்குற டெக்ஸாமெதாசோன் ஊசி ரெண்டு மூணு நாளைக்கு சுகர ஏத்தி விட்டுரும். சில பேருக்கு நேர்மாறா, கட்டியாலயே சுகர் வந்திருந்தா ஆபரேஷனுக்கு அப்புறம் கொறஞ்சும் போகும். எடை எறங்கிக்கிட்டே போறவங்களுக்கு பெரும்பாலும் இன்சுலின்தான் எழுதுவாங்க, ஏன்னா சாப்பிட்டது உடம்புல ஒட்ட இன்சுலின் வேணும். இதுல மறைஞ்ச செலவு என்னன்னா, கணையம் போனவங்களுக்கு சுகர் தாழ்ந்தா அத தூக்கி விடுற ஹார்மோனும் கொறவு, அதனால திடீர்னு லோ சுகர் ஆகும், ராத்திரி பக்கத்துல ஆள் படுக்கணும், தலைமாட்டுல கருப்பட்டியோ குளுக்கோஸோ இருக்கணும். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் செலவ யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டாங்க, மாசக் கடைசியில கணக்கு பாக்கும்போதுதான் தெரியும்.

கைக்காசப் பொறுத்தவரை முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, ஆனா சாப்பாடு செரிக்கப் போடுற கணைய என்சைம் கேப்ஸ்யூல், சத்து மாவு, போக்குவரத்துன்னு கையில இருந்து போறது போகும்.

யாருக்கு இது நல்ல வழி? என்னக் கேட்டா, எல்லாருக்கும் இதுதான் அடித்தளம். மத்த மூணு வழியும் இதுக்கு மேல ஏத்துற சுமை, தாங்குமான்னு பாத்துத்தான் ஏத்தணும்.

வழி 2: மெட்ஃபார்மின் சேத்து சோதிக்கிற ஆய்வுல சேர்றது

"நம்மள எலியா ஆக்குதாவளோ"ன்னு பயப்படுறவங்க நெறைய. அப்படி இல்ல. ஒழுங்கான ஆய்வுன்னா கீமோ எல்லாருக்கும் முழுசா உண்டு, அத யாரும் புடுங்க மாட்டாங்க. கூட மெட்ஃபார்மின் கெடைக்குமா டம்மியாங்கிறதுதான் குலுக்கல். உங்களுக்கு எது வந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, சில ஆய்வுல டாக்டருக்கும் தெரியாது. டம்மியே இல்லாம வெளிப்படையா நடத்துறதும் உண்டு.

இந்தியாவுல 2009 ஜூன்ல இருந்து மருந்து ஆய்வு எதுவானாலும் சி.டி.ஆர்.ஐ. அரசுப் பதிவேட்டுல ஆள் சேக்குறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணிருக்கணும், நெட்டுல யாரும் பாக்கலாம். நெறிமுறைக் குழு அனுமதி வேணும். 2019ல வந்த புது விதிப்படி ஆய்வு மருந்தால உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா இலவச வைத்தியமும் நஷ்ட ஈடும் உண்டு. எப்ப வேணாலும் வெளிய வரலாம், வந்தா வழக்கமான வைத்தியத்த நிறுத்தக் கூடாது.

இதுல உள்ள நல்லது, கவனிக்க ஆள் இருக்குறது. கிரியாட்டினின்ங்கிற கிட்னி டெஸ்ட்டு, ஈரல் டெஸ்ட்டு எல்லாம் கணக்கா எடுப்பாங்க, வயித்தால போனா யாருக்கு போன் பண்ணணும்னு நம்பர் இருக்கும், மாத்திரைய எப்ப நிறுத்தணும்னு எழுதி வச்ச விதி இருக்கும். அந்த அஞ்சாவது அளவுகோல்ல இந்த வழிக்கு முழு மார்க்.

மறைஞ்ச செலவு அலைச்சல்தான். இந்த மாதிரி ஆய்வு பெரிய கேன்சர் ஆஸ்பத்திரியிலதான் நடக்கும், நம்ம பக்கத்து ஆளுங்க போறது திருவனந்தபுரம் ஆர்.சி.சி., அடையாறு, வேலூர். கீமோவ இங்க ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலயோ மதுரையிலயோ போட்டுக்கிட்டு ஆய்வுல இருக்க முடியுமா, இல்ல ஒவ்வொரு தடவையும் அங்கயேதான் போகணுமா? இத முதல்லயே கேளுங்க. நெல்லை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி காலையில எழும்பூர்ல எறங்கி ரத்தம் குடுத்துட்டு சாயங்காலம் திரும்புறது கூட வர்றவங்களுக்கே அசதி, பம்ப் மாட்டுன ஆளுக்கு எப்படி இருக்கும். ரயில்வேல கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பர்லயும் மூணாம் ஏசியிலயும் முழு சலுகை உண்டு, கூட வர்றவங்களுக்கு அதே பெட்டியில முக்கால் பங்கு, ஆஸ்பத்திரியில அதுக்குன்னு உள்ள படிவத்துல கையெழுத்து வாங்கிக்கிடணும். இது தெரியாமலே முழுக் காசும் குடுத்துப் போய்ட்டு வந்த குடும்பத்த நான் பாத்திருக்கேன்.

எல்லாரையும் சேக்கவும் மாட்டாங்க. கிட்னி சரியில்லாதவங்க, ஏற்கனவே மெட்ஃபார்மின் சாப்பிடுறவங்கள பல ஆய்வுல எடுக்க மாட்டாங்க.

இன்னொண்ணு மனசு சம்பந்தப்பட்டது. டம்மி வந்திருக்குமோன்னு சந்தேகப்பட்டு, சில பேர் வெளிய தனியா வாங்கி சாப்பிட ஆரம்பிச்சிருவாங்க. அது ரொம்பத் தப்பு, உள்ள நெசமான மாத்திரை வந்திருந்தா டோஸ் ரெண்டு மடங்கு ஆயிரும். அப்படி மனசு கெடந்து அடிச்சுக்கும்னா சேராம இருக்குறதே மேல். பக்கத்துல ஆய்வு மையம், கூட வர ஆள், கிட்னி நல்ல நெலம, எடை நிலையா இருக்கு, குலுக்கல்ல எது வந்தாலும் சரின்னு மனசு ஒத்துக்குது, இவங்களுக்கு இது நல்ல வழி. எனக்கு கிடைக்கலன்னாலும் அடுத்து வர்றவனுக்கு ஒரு பதில் கெடைக்கும்னு நெனைக்கிறவங்களும் நம்ம ஊர்ல உண்டு, அவங்கள நான் மனசாரக் கும்புடுதேன்.

வழி 3: நம்மளா வாங்கி சாப்பிடுறது

இத சுருக்கமா முடிச்சிருவோம்னு நெனைச்சேன், ஆனா எங்க வீட்டுல நடந்தத சொல்லாம முடியல.

சித்தப்பாவுக்கு நாலாவது கீமோ சமயம். யாரோ சொன்னத கேட்டுட்டு, சித்தியோட சுகர் மாத்திரை டப்பாவுல இருந்து காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு எடுத்து சாப்பிட்டிருக்காவ. பழைய ஆர்லிக்ஸ் டப்பா அது, மூடியில சித்தி பேனாவால "சுகர்"னு எழுதி ஒட்டிருப்பாவ. என்கிட்டயும் சொல்லல, டாக்டர்கிட்டயும் சொல்லல. அஞ்சாறு நாள்ல வயித்தால போக ஆரம்பிச்சுது. இங்கதான் சிக்கல். கணையம் வெட்டுனவங்களுக்கு என்சைம் கேப்ஸ்யூல் பத்தலன்னா எண்ணெய் மிதக்குற மாதிரி போகும். ஃபோல்ஃபிரினாக்ஸ்ல இருக்குற இரினோடெக்கானாலயும் போகும். மெட்ஃபார்மினுக்கும் ஆரம்பத்துல அதுதான் முதல் தொந்தரவு. மூணுல எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க? முதல்ல என்சைம கூட்டுனாவ, கேக்கல. அப்புறம் கீமோதான் காரணம்னு நெனைச்சு அடுத்த டோஸ கொறைக்கலாமான்னு பேசுனாவ. உடம்பு வத்தி, கிரியாட்டினின் ஏறி, மூணு நாள் குளுக்கோஸ் ஏத்துனாவ, அஞ்சாவது கீமோ ரெண்டு வாரம் தள்ளிப் போச்சு. சித்தி மாத்திரை எண்ணிப் பாத்து "இதுல கொறையுதே"ன்னு சொன்ன அப்புறம்தான் விஷயமே தெரிஞ்சுது. "ஏன் சித்தப்பா சொல்லல"ன்னு கேட்டேன். "ஒனக்கு ஏம்ல கஷ்டம், ரெண்டு ரூபா மாத்திரதானன்னு நெனச்சேன்"ன்னாவ.

ரெண்டு ரூபா மாத்திரையோட உண்மையான செலவு அந்த ரெண்டு வாரம். உடம்புல தண்ணி வத்தி கிட்னி தளர்ந்த நேரத்துல மெட்ஃபார்மின் உள்ள போனா ரத்தத்துல அமிலம் ஏறுற ஆபத்தும் உண்டு, அபூர்வம்தான், ஆனா வந்தா உசுருக்கே வினை. பசிய அடக்கும், வாய் கசக்கும், ஏற்கனவே எடை எறங்குற ஆளுக்கு இது ரெண்டும் கூடாது. மாசக் கணக்குல சாப்பிட்டா பி12 கொறையும், அதனாலயும் கை கால் மரத்துப் போகும், ஆக்சாலிப்ளாட்டினாலயும் மரத்துப் போகும், அங்கயும் எதனாலன்னு தெரியாம கீமோ டோஸ கொறைக்க வேண்டி வரலாம்.

இந்த வழி யாருக்காவது நல்லதான்னா, எனக்கு ஒருத்தரும் ஞாபகத்துக்கு வரல. டாக்டரே எல்லாம் பாத்து எழுதிக் குடுத்தாருன்னா அது வேற, அப்பவும் கீமோ குடுக்குற டாக்டருக்குத் தெரிஞ்சு நடக்கணும்.

வழி 4: ஏற்கனவே சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுறவங்க

பத்து வருஷமா சுகர், மெட்ஃபார்மின் ஒத்துக்குது, எடை நிலையா இருக்கு, ஈஜிஎஃப்ஆர்னு ஒரு கிட்னி அளவு சீட்டுல இருக்கும், அது 45க்கு மேல, அப்படின்னா கேன்சருக்காக அத நிறுத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. 45க்குக் கீழ எறங்குனா டோஸ கொறைப்பாங்க, 30க்குக் கீழ போனா கண்டிப்பா நிறுத்துவாங்க.

ஆனா சில நாள் நிறுத்த வேண்டி வரும். வாந்தி, வயித்தால போறது நிக்காத நாள், காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத நாள், கிட்னி தளர்ந்தவங்களுக்கு சிடி ஸ்கேனுக்கு டை ஊசி போடுற நாள். இந்த மூணையும் டாக்டர்கிட்ட எழுதி வாங்கி பீரோ கதவுல ஒட்டி வைங்க. நிறுத்துன நாள்ல சுகருக்கு என்ன பண்ணணும்னும் சேத்துக் கேளுங்க, இன்சுலின் எத்தன யூனிட்னு. எடை மாசத்துக்கு மாசம் எறங்குது, சுகர் முந்நூறு தாண்டுதுன்னா இன்சுலினுக்கு மாறுறத தோல்வின்னு நெனைக்காதீங்க. "ஊசி வந்துட்டா கதை முடிஞ்சுது"ன்னு நம்ம பக்கம் ஒரு பேச்சு உண்டு, அந்தப் பேச்ச நம்பி எடைய விட்டவங்கள நான் கடையில பாக்குதேன், மனசு கேக்காது.

"மாறுனா மெட்ஃபார்மினோட கேன்சர் நன்மை போயிருமே"ன்னு ஒருத்தர் கேட்டாவ. மேல சொன்ன ஆய்வுகள பாத்தா, இழக்குறதுக்கு அங்க நிரூபணமான நன்மைன்னு ஒண்ணும் இல்ல. சுகர் கட்டுப்பாடும் எடையும்தான் முடிவு பண்ணணும்.

ஒரே பார்வையில

| வழி | கீமோவுக்கு இடைஞ்சல் | ஆதாரம் | மறைஞ்ச செலவு | கவனிக்க ஆள் |
|---|---|---|---|---|
| கீமோ மட்டும் | இல்ல | உறுதியா உண்டு | இன்சுலின், ஸ்ட்ரிப், லோ சுகர் பயம் | கீமோ டாக்டர் |
| ஆய்வுல சேர்றது | கொஞ்சம் வரலாம், ஆனா கண்டுபிடிச்சு நிறுத்துவாங்க | அதத்தான் தேடுறாங்க | பயணம், கூடுதல் டெஸ்ட் நாள் | நல்லாவே உண்டு |
| நம்மளா வாங்குறது | வரும், எதனாலன்னும் தெரியாது | இல்ல | தள்ளிப் போற கீமோ | யாரும் இல்ல |
| சுகருக்கு ஏற்கனவே உள்ளது | கிட்னி, வயிறு நல்லா இருந்தா கொறவு | சுகருக்கு உண்டு, கேன்சருக்கு இல்ல | பி12 டெஸ்ட், நிறுத்த வேண்டிய நாள் | சுகர் டாக்டரும் கீமோ டாக்டரும் பேசிக்கணும் |

ஆய்வுக்குக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்ன

அந்த அண்ணாச்சிக்கு நான் மாத்திரை குடுக்கல. ஸ்டூல எடுத்துப் போட்டு உக்கார வச்சு ஃபைல வாங்கிப் பாத்தேன், கிட்னி நல்லா இருக்கு, சுகர் இல்ல, எடை மட்டும் ஆபரேஷனுக்கு முன்ன இருந்தத விட பதினோரு கிலோ கம்மி. மெட்ஃபார்மின விட அவருக்கு அன்னிக்கு அவசியமா இருந்தது என்சைம் கேப்ஸ்யூல சாப்பாட்டுக்கு நடுவுல எப்படி பிரிச்சுப் போடணும்ங்கிறதுதான், அத யாரும் வெளக்கிச் சொல்லல, அவரு சாப்பிட்டு அரை மணி கழிச்சு மொத்தமா போட்டுக்கிட்டு இருந்திருக்காவ. முதல் வாய்க்கு ஒண்ணு, பாதி சாப்பாட்டுல ஒண்ணுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தேன், டாக்டர்கிட்டயும் ஒரு தடவ காட்டிக்கிடுங்கன்னு சொன்னேன்.

ஆய்வப் பத்திக் கேக்க அஞ்சு கேள்வியும் அதே தாளோட பின்பக்கத்துல எழுதுனேன். இது சி.டி.ஆர்.ஐ.ல பதிவானதா, நம்பர் என்ன? கீமோ முழுசா உண்டா, காப்பீட்டுலயே ஓடுமா? எத்தன தடவ அங்க வரணும், பயணக் காசு குடுப்பீங்களா? வயித்தால போனா ராத்திரி பத்து மணிக்கு யாருக்கு போன் பண்ண? மாத்திரைய நிறுத்துனா கீமோ அப்படியே தொடருமா?

அண்ணாச்சி தாள நாலா மடிச்சு ஃபைலுக்குள்ள வச்சாவ, ஒரு நிமிஷம் நின்னுட்டு, "ஒப்புதல் தாளு இங்கிலீசுல இருந்தா நான் எப்படி வாசிக்க"ன்னு கேட்டாவ. தமிழ்ல குடுக்கணும் அண்ணாச்சி, அது ஒங்க உரிமை, வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாங்க, மயினிய வாசிக்கச் சொல்லிக் கேளுங்க, புரியாத எடத்துல பென்சில்ல கோடு போட்டு மறுநாள் கொண்டு போய்க் கேளுங்க, அவசரப்படுத்துனா கையெழுத்துப் போடாதீங்கன்னு சொன்னேன். சரி தம்பின்னுட்டு, என்சைம் கேப்ஸ்யூல் மட்டும் ஒரு மாசத்துக்கு வாங்கிக்கிட்டு, ஆறரை மணி அம்பாசமுத்திரம் பஸ்ஸப் புடிக்கக் கெளம்பிட்டாவ.